கதை ஓடத் தொடங்கும்வரை

மெதுவாகத் தொடங்கும் ஒரு தொடரை எத்தனை எபிசோடு வரை பொறுத்துப் பார்ப்பது, எப்போது விட்டுவிடுவது என்ற கேள்வி ஓடிடி வந்த பிறகு பிறந்ததாகத்தான் பலரும் நினைக்கிறோம். ஆசிரியைகளின் ஓய்வறையில் மதியச் சோற்றோடு இப்போது இதுதான் பேச்சு. “மூணு எபிசோடு தாண்டணும் மேடம், அதுக்கு மேல பிடிச்சிரும்” என்பார் ஒருவர். “மூணு மணி நேரத்துக்கு நான் எங்க போவேன்?” என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் சொன்னதில்தான் அக்கறை. கதைக்குக் கொடுக்க ஒரு பெண்ணிடம் எவ்வளவு நேரம் இருந்தது, கொடுப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் உரிமை அவள் கைக்கு எப்போது வந்தது என்று தேடிப் பின்னால் போனால், எங்கள் நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் கொடைவரை போகவேண்டியிருக்கிறது.

வில்லுப்பாட்டு எடுத்தவுடன் கதைக்குள் போகாது. காப்புப் பாட வேண்டும், குருவை வணங்க வேண்டும், அவையடக்கம் சொல்ல வேண்டும், நாட்டு வளம் பாட வேண்டும். குடமும் உடுக்கும் சூடு பிடிப்பதற்கே நேரமாகும். கதை தொடங்கிய பிறகும் தெய்வம் பிறந்தபாடிருக்காது. அதைப் பெறப்போகிறவர்களுக்குப் பிள்ளையில்லாத குறை, அவர்கள் இருந்த தவம், பிறகு பிறப்பு, வளர்ப்பு. சாவும் ஆவேசமும் வரும்போது நடுச்சாமம் நெருங்கிவிடும். சாமியாடுகிறவர்களுக்கு அருள் வருவதும் அந்த நேரத்தில்தான். இந்தப் பகுதியில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988-ல் வெளிவந்த தன் நூலுக்குப் பிறப்பையும் இறப்பையும் பாடுதல் என்ற பொருளில் பெயர் வைத்தார். இரண்டையும் சேர்த்து வைத்தது சரியென்றே எனக்குப் படுகிறது. இந்தக் கலையில் இறப்புக்குப் பலம் தருவது பிறப்பு.

நீலியின் கதையை எடுத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தலில் இசக்கியம்மனாக இருப்பவள். கதை தெரியாதவர்களுக்கும் பின்பாதி தெரியும்: கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியில் போகும் செட்டியைத் தன் புருஷன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன் வழக்காடி, அவனைக் கொன்று பழிதீர்த்தவள். பசப்பி அழுவதற்கு ‘நீலிக் கண்ணீர்’ என்று நாம் பேர் வைத்திருப்பதும் இந்தப் பின்பாதியிலிருந்துதான். முன்பாதியில் அவள் ஒரு தாசி. பணமெல்லாம் தீர்ந்ததும் அவளுடைய தாயார் விரட்டிவிட்ட அந்தணனைத் தேடி, நகையோடு அவன் பின்னால் போனவள். அவன் மடியில் தலைவைத்து உறங்கும்போது நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்லப்பட்டவள். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சிக்கு அழைத்துவிட்டுச் செத்தவள். பாடுபவருக்குப் பாடுபவர் விவரம் மாறும். கொலையும் கள்ளியும் மாறாது.

பந்தலுக்கு யார் எப்போது வந்தார்கள் என்பதைப் பொறுத்து அவரவர் கேட்ட நீலி வேறுவேறு. நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றவன் பேயைப் பார்த்தான். முதலிலிருந்து உட்கார்ந்திருந்தவர்கள், கொல்லப்பட்ட ஒருத்தி நீதி கேட்டு வருவதைப் பார்த்தார்கள். பெண்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வந்து சேர்ந்தவர்கள். அடுப்படி ஒதுக்கி, பிள்ளைக்குச் சோறு ஊட்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வரும்போது பாதி பிறப்பு முடிந்திருக்கும். அதற்காக அவர்களுக்குக் கதை விட்டுப்போனதாகச் சொல்ல முடியாது. பாட்டு நடையில் ஒன்றையே இரண்டு மூன்று முறை சொல்வதும், பாடிய பகுதியை வசனத்தில் திரும்ப விளக்குவதும், பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டுக் கேட்கும் கேள்விகளும் தாமதமாக வந்தவளைக் கைபிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கதையின் மந்தம் அவளுடைய வேலைக்கு இடம் விட்டது.

அமெரிக்காவில் இதே விஷயம் 1930-ல் வானொலிக்கு வந்தது. சிகாகோவின் ஒரு நிலையத்துக்கு ‘பெயிண்டட் ட்ரீம்ஸ்’ என்ற பகல்நேரத் தொடரை எழுதினார் இர்னா ஃபிலிப்ஸ்; அதற்கு முன் ஆசிரியையாக இருந்தவர். துணி துவைப்பவளும் சட்டி தேய்ப்பவளும் கேட்கும் கதை. விளம்பரம் கொடுத்தவை சோப்புக் கம்பெனிகள். ‘சோப் ஓபரா’ என்ற கேலிப்பெயர் அதனால் வந்தது. அவர் 1937-ல் தொடங்கிய ‘கைடிங் லைட்’ வானொலியிலிருந்து டிவிக்கு மாறி 2009 வரை ஓடியது. நகராத கதை என்று ஆண் விமர்சகர்கள் இதைச் சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, டானியா மோட்லெஸ்கி என்ற பெண்ணியவாதி 1982-ல் வந்த தன் புத்தகத்தில் எதிர்க்கேள்வி கேட்டார். அடுப்பு, குழந்தை, கதவு தட்டுகிறவர் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அறுபடும் ஒரு வேலைநாளுக்குள், அறுபட்டாலும் புரிகிற கதையைத் தவிர வேறெது உட்கார முடியும்? எங்கள் கொடைப் பந்தலை அவர் கண்டிருந்தால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். இங்கே நேரத்தைக் கொடுத்ததற்கு ஈடாகப் பெண்ணுக்கு ஒரு முன்கதையாவது கிடைத்தது.

அந்த ஈடு கிடைக்கிறதா என்பதுதான் நான் எந்தத் தொடரையும் அளக்கும் படி. முதல் சில நாட்களில் கதையில் வரும் பெண்ணுக்கு ஒரு பிறப்பு கிடைக்கிறதா? அவளுக்கு என்ன வேலை தெரியும், எது வேண்டும், யாரோடு சிரிப்பாள் என்று தெரிகிறதா? அதற்காக எடுத்துக்கொள்ளும் மெதுவுக்கு நான் உட்காருவேன். அவள் பொறுத்துக்கொள்வதை நாமும் பொறுத்துப் பார்க்கச் சொல்கிற மெதுவுக்கு எழுந்துவிடுவேன்.

அச்சில் வந்த தொடர்களிலும் எங்கள் பக்கம் ஒரு பழைய உதாரணம் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917-18-ல் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது. சொல்பவள் ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் முறையில், அவளும் அவள் பிள்ளைகளும் புருஷன் வீட்டில் படும் பாடு. குலமுறை கிளத்து படலம் என்று தொடங்குகிறது; நேராக அழுகைக்குப் போகாமல், தான் யார், எந்தக் குடி என்று சொல்லிவிட்டு வருகிறாள். அதற்குப் பிறகுதான் மாமியின் அரசாட்சி. இன்றைய மெகா சீரியலின் சரக்கு முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் பொறுமை அங்கே பெருமையாகப் பாடப்படவில்லை. ஒரு சட்டத்துக்கு எதிரான புகாராக வைக்கப்படுகிறது, அதுவும் நையாண்டியோடு. 1926-ல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவு கட்டியது. பெண்குரலில் எழுதியவர் ஆண் என்பதை நான் மறக்கவில்லை. என்றாலும், சகித்துக்கொண்டிரு என்று சொல்லாத ஒரு தொடர் நம்மூரில் நூறு வருஷத்துக்கு முன்பே வந்ததை டிவிக்காரர்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

அதே காலத்தில் தொடர்கதையைத் தானே நடத்திய பெண் வை.மு. கோதைநாயகி. 1925-லிருந்து ‘ஜகன்மோகினி’யைக் கையில் எடுத்து, தன் நாவல்களை அதில் மாதாமாதம் வெளியிட்டார். 115 நாவல்கள். அவற்றைத் தரமில்லாதவை என்று ஒதுக்குவது எங்கள் தமிழ்த் துறைகளுக்கு இன்றும் எளிது. காத்திருந்து வாசிக்கும் பழக்கத்தைப் பெண்களிடம் உண்டாக்கியவர்களில் அவர் முன்வரிசைக்காரர். பின்னால் வாரப் பத்திரிகைகளில் வந்த கதைகளைப் பெண்கள் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துகொண்டார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வந்தது. வாரம் ஒன்றாக மூன்றரை வருஷம் காத்திருந்து வாசித்த கதையை, பைண்டு புத்தகத்தில் வேண்டிய இடத்தில் திறக்கலாம், வேண்டாத அத்தியாயத்தைத் தள்ளலாம். என் பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்த பைண்டு ஒன்றில் வர்ணனை வரும் பக்கங்கள் புத்தம் புதிதாக இருக்கும். குந்தவையும் நந்தினியும் பேசிக்கொள்ளும் பக்கங்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். பாட்டியின் விமர்சனக் கட்டுரை அது.

டிவி வந்தபோது இந்த உரிமை திரும்பப் பறிபோனது. பக்கம் புரட்ட முடியாது, யார் வீட்டில் பெட்டி இருக்கிறதோ அங்கே போய் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். டில்லியிலிருந்து ‘ஹம் லோக்’ 1984 ஜூலை 7-ல் தொடங்கியது. இந்திய டிவியின் முதல் நெடுந்தொடர். மெக்சிகோவில் மிகுவேல் சாபிடோ குடும்பக் கட்டுப்பாட்டையும் எழுத்தறிவையும் பரப்ப எடுத்த தொடர்களைப் பார்த்து வந்த யோசனை அது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். முதல் 13 எபிசோடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. உபதேசத்தைக் குறைத்து, அந்தக் குடும்பத்தின் மூன்று பெண்களையும் ஆட்களாக நடமாடவிட்ட பிறகுதான் நாடு உட்கார்ந்து பார்த்தது. 1985 டிசம்பரில் முடிவதற்குள் நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன. மூத்தவள் பட்கிக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று வேண்டிக்கொண்டவையும் அவற்றில் உண்டு. மெதுவாகத் தொடங்கிய தொடரைப் பார்வையாளர்களின் சலிப்பே திருத்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நம் நாட்டில் இல்லை. சலித்துக்கொள்வதும் ஒரு பங்களிப்புதான்.

இன்னொன்றும் நடந்தது. அந்த வீட்டின் தாய் பாகவந்தி அடங்கி ஒடுங்கி எல்லாவற்றையும் தாங்குகிறவள். இப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காக எழுதப்பட்ட பாத்திரம். பிறகு நடந்த ஆய்வில், பெண்கள் உட்பட கணிசமானவர்கள் அவளையே நல்ல முன்மாதிரி என்றார்கள். நாள் கணக்கில் ஒரு பெண் தாங்குவதைக் காட்டினால், காட்டியவர் என்ன நினைத்தாலும், பார்க்கிறவர் மனதில் தாங்குதல் குணமாகப் படிந்துவிடுகிறது.

1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியது. வாரநாட்களில் தினமும் என்ற கணக்கு எங்கள் ஊர்ப் பெண்களின் இரவைப் புரட்டிப்போட்டது. அப்போது எங்கள் தெருவில் கேபிள் இருந்தது இரண்டு வீட்டில். அண்டியாபீசுக்குப் போய்வந்த பெண்கள் கையில் முந்திரித் தோட்டின் கறை போகாமலே வந்து திண்ணையில் இருப்பார்கள். அடுத்த வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு கதை நன்றாயில்லை என்று எழுந்துபோக முடியுமா? அடுத்த நாள் வந்து உட்கார முகம் வேண்டாமா? “இனிதான் மக்களே கதை ஓடும்” என்பது வீட்டுக்காரம்மா சொல்லும் வாக்கு. 2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது பத்திரிகைகள் ஓட்டுக் கணக்கை மட்டும் எழுதின. என் கணக்கில் அது வேறு. தன் வீட்டில் தன் பெட்டியை ‘போதும்’ என்று அணைக்கும் வாய்ப்பு அந்தப் பெண்களுக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான். ரிமோட் ஆண்கள் கையில் இருந்த வீடுகளைத் தவிர.

மெதுவாகத் தொடங்குவதையும் இழுப்பதையும் பிரித்துப் பார்க்க நாம் பழகவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு. தயாரிப்பாளர் சேனலுக்கு நேரக் கட்டணம் செலுத்தி, விளம்பர நேரத்தை விற்று எடுத்துக்கொள்ளும் முறை சன் டிவியில் நெடுநாள் இருந்தது. ஓடுகிற தொடரை நிறுத்த யாருக்கும் மனம் வராது; ஓடாததைத் தொடரவும் வராது. ஆகவே மெகா சீரியல்கள் தொடக்கத்தில் உண்மையில் வேகமானவை. முதல் வாரத்திலேயே ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோகும். மந்தம் பிடிக்க வைத்த பிறகுதான் வரும். ‘கோலங்கள்’ 2003 நவம்பரிலிருந்து 2009 டிசம்பர் வரை 1533 எபிசோடு. விளம்பரத்தைக் கழித்து ஒன்றுக்கு 20 நிமிஷம் வைத்தாலும் 511 மணி நேரம். உறங்காமல் பார்த்தால் 21 நாள் தாண்டும். ரப்பர் பால் வெட்ட விடியுமுன் எழுந்து போகும் பெண்ணுக்கு அந்த மணிகள் தூக்கத்திலிருந்து போனவை.

ஆனாலும் ‘கோலங்க’ளை நான் தள்ளிவிட மாட்டேன். தேவயானியின் அபி கட்டுமானத் தொழில் செய்தாள், கணக்குப் பார்த்தாள், ஆட்களை வேலை வாங்கினாள், கணவனை விட்டு விலகினாள். பெண் ஒருத்தி மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதை ஆறு வருஷம் தினமும் பார்த்தது எங்கள் தெருவில் சும்மா போகவில்லை. ‘மெட்டி ஒலி’ (2002-2005) கனமான வேறு சங்கதி. தாயில்லாத ஐந்து பெண்களும் ஒரு தகப்பனும். அக்காதங்கைகள் சேர்ந்து இருக்கும் காட்சிகளுக்குத் திருமுருகன் தாராளமாக நேரம் கொடுத்தார். அந்த மெது வில்லுப்பாட்டு மெது. பிறகு இரண்டாமவள் சரோஜா புகுந்த வீட்டில் மாமியாரிடமும் மாணிக்கத்திடமும் படும் பாடு. அதை நாங்கள் பார்த்த வருஷங்களில்தான், எனக்கு அக்கா முறை வரும் ஒருத்தி கல்யாணமாகி மூன்றாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்தாள். முற்றத்தில் கூடியிருந்த பெரியவர்கள் ஆளாளுக்குச் சொன்னது ஒன்றே: “ஒரு வருசம் பொறு மக்களே. போகப் போகச் சரியாயிரும்.” அதைச் சொன்ன அத்தைதான் முந்தின இரவு சரோஜாவுக்காக அழுதவள். ஒருத்திக்காக அழுகிற பழக்கம் இன்னொருத்தியைத் திருப்பி அனுப்பத் தடையாக இல்லை. அக்கா போனாள். நான்கு வருஷம் கழித்து, இடதுகை முழங்கையில் சரியாகக் கூடாத ஒரு எலும்போடு வந்தாள். அதன் பிறகு யாரும் அவளைப் பொறு என்று சொல்லவில்லை.

‘போகப் போக’ என்ற சொல்லை அதிலிருந்து நான் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன், அது டிவித் தொடரைப் பற்றியதாக இருந்தாலும். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். அக்கா இப்போது மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். பார்த்தியா என்று போனில் கேட்டேன். “அஞ்சு பேரும் வீட்டுல இருக்கிறது வர பாத்தேன். கல்யாணப் பேச்சு எடுத்தான், நிறுத்திட்டேன்” என்றாள்.

எங்கே நிறுத்துவது என்று தன் வாழ்க்கையை வைத்து முடிவு செய்த பார்வையாளர் அவள். விமர்சகர்கள் இப்படிப் பார்ப்பதைக் கதையை முழுதாகப் பார்க்காத குற்றம் என்பார்கள். பாட்டியின் பைண்டு புத்தகம் அவளுக்குத் துணை.

பொறுக்கச் சொல்லி நான் வாதாடும் இடமும் ஒன்று உண்டு. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) எங்கள் மாவட்டத்தின் பனைவிளையில் நடக்கும் நாவல். லிஸி பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். ஒவ்வொரு வருஷமும் மாணவிகள் முதல் அத்தியாயங்களை வாசித்துவிட்டு வந்து “ஒண்ணும் நடக்கல்லியே மேடம்” என்பார்கள். லிஸிக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை அவர்கள் பிடித்துக்கொள்ள இரண்டு வகுப்பு ஆகும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டத்தின் பெண்கள் இவர்கள். வீட்டுக்குள் அடைந்திருக்கும் நேரம் எப்படி நகரும் என்பது பாட்டிமாருக்குத் தெரிந்த அளவு இவர்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தைச் சொல்ல மெதுவான நடையை விட்டால் வேறு வழி இல்லை.

2023 ஜனவரியில் வந்த ‘அயலி’யை அதே வகுப்பில் பேசினோம். எட்டே எபிசோடு. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்று, வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத வழக்கம், ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத பெண்கள். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள். லிஸியால் முடியாததை அரை நூற்றாண்டு கழித்து ஒருத்தி செய்கிறாள் என்று சொல்லி, இரண்டின் தொடக்கத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். முதல் அரை மணி நேரத்தில் நாயகி என்ன வேலை செய்தாள், என்ன கேட்டாள், யாரிடம் பொய் சொன்னாள் என்று பட்டியல் போட வேண்டும். தமிழ்ச்செல்விக்குப் பக்கம் நிறைந்துவிட்டது. இவ்வளவு வேகமாகத் தொடங்கினால் அந்தத் தாயைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரமில்லையே என்று ஒருத்தி எழுதியிருந்தாள். குளச்சல்காரி, அம்மா மீன் விற்கிறவள். அந்தத் தாயின் கதையை முதலிலிருந்து எடுத்தால் எத்தனை எபிசோடு வரும் என்று கேட்டு, விடைத்தாளின் ஓரத்தில் கணக்கும் போட்டிருந்தாள். முப்பது என்று வந்திருந்தது.